கையோடு வந்த கேப்

பூமிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பல் டாக்டர் கிடையாது. ஆனால் அங்கே தங்குபவர்களுக்கான மருத்துவக் கையேட்டில் பல்லுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பல்வலி, சீழ்க்கட்டி, பல் பிடுங்குவது என்று நீளும் அந்தப் பட்டியலில், கழன்ற கேப்பைத் திரும்பப் பொருத்துவது எப்படி என்பதும் இருக்கிறது. பல்லை அற்பமாக நினைக்கக் கூடாது என்பதை விண்வெளிக்காரர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1977 டிசம்பரில் சல்யூட் 6 விண்நிலையத்துக்குப் போன சோவியத் வீரர் யூரி ரோமனென்கோ, 96 நாள் பயணத்தின் கடைசி இரண்டு வாரங்களைக் கடும் பல்வலியோடு ஓட்டினார். வாயைக் கொப்பளிக்கச் சொன்னதைத் தவிர, கீழே இருந்தவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம் ஊரில் கதை நேர்மாறு. பல் கிளினிக் போர்டு இல்லாத கடைத்தெரு இப்போது அபூர்வம். இருந்தும் கழன்று விழுந்த கேப் டிஷ்யூ பேப்பரில் சுற்றி மணிபர்சுக்குள்ளோ, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு குங்குமச் சிமிழிலோ மாதக்கணக்கில் கிடக்கிறது. கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "வலிக்கலையே, பார்த்துக்கலாம்."

அந்த 'வலிக்கலையே'தான் இதில் வில்லன்.

கேப் போட்ட பற்களில் கணிசமானவை ரூட் கெனால் செய்யப்பட்டவை. அதாவது பல்லுக்குள் இருந்த நரம்பும் ரத்தக்குழாயும் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுவதற்கோ, சொத்தை உள்ளே இறங்கும்போது வலித்துக் காட்டுவதற்கோ அங்கே எதுவும் இல்லை. காவல்காரனை அனுப்பிவிட்ட வீட்டில் திருட்டு நடந்தால் சத்தம் கேட்காது. கேப் விழுந்தபின் அந்தப் பல் மெல்ல அரிக்கப்பட்டு, ஒரு நாள் சாதத்தில் கிடந்த கல்லைக் கடித்ததும் ஈறோடு முறியும்போதுதான் சேதி தெரியவரும். நரம்பு உயிரோடு இருக்கும் பல்லின் மீது போட்ட கேப் கழன்றால், ஒரு வாய் காற்றை இழுத்தாலே சுரீரென்று ஏறும். அந்த ஆள் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுவார். கஷ்டப்பட்டவர் பிழைத்துக்கொள்வார், சுகமாக இருப்பவர்தான் பல்லை இழப்பார்.

கேப் என்பது பல்லுக்கு மேலே சும்மா மாட்டுகிற உறை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது உட்கார இடம் வேண்டும். பல்லைச் சுற்றிலும், மேலேயும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை ராவி எடுத்தபிறகே கேப் உட்காரும். பல்லின் எனாமல் மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அந்தக் கவசத்தில் பெரும்பகுதி ராவும்போது போய்விடுகிறது. மிஞ்சுவது அடியில் இருக்கும் டென்டின் என்ற மென்மையான அடுக்கு. ஆகவே கேப் இல்லாமல் நிற்கும் ராவிய பல்லை, பழைய பல் என்று எண்ணக் கூடாது. கவசம் உரித்த பல் அது. மெல்லும் பளுவையும் அதனால் பழையபடி தாங்க முடியாது, சொத்தையையும் பழையபடி தடுக்க முடியாது.

இந்தச் சின்ன உறைக்குள் இருக்கும் கைவேலை தனிக்கதை. டாக்டர் அளவெடுத்து அனுப்ப, லேபில் இருக்கும் டெக்னீஷியன்தான் கேப்பைச் செய்கிறார். நோயாளி அவரைப் பார்ப்பதே இல்லை. 1907-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகார்ட், மெழுகில் வடிவம் செய்து, அதைச் சுற்றி அச்சுக்கலவை ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தைப் புகுத்தும் முறையைப் பல் வைத்தியத்தில் பரப்பினார். சுவாமிமலை ஸ்தபதிகள் வழிவழியாகச் சாமி சிலை வார்க்கும் முறையின் அடிப்படையும் இதுவேதான். நடராஜரும் கடைவாய்ப்பல் கேப்பும் ஒரே நுட்பத்தில் பிறந்தவர்கள் என்றால் சட்டென்று நம்பத் தோன்றாது. பீங்கானால் பல் உறை செய்து புகழ்பெற்றவர் டெட்ராய்ட் நகரத்தின் சார்லஸ் லேண்ட். 1927-ல் தனியாளாக அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் தாய்வழித் தாத்தா அவர். உலோகத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் மெட்டல் செராமிக் கேப் 1960-களில் பரவியது. இன்று விலைப்பட்டியலில் முதல் வரியில் நிற்கும் ஜிர்கோனியா, கணினியில் வரைந்து எந்திரம் கடைந்தெடுப்பது. டாக்டர் அறையிலேயே பல்லுக்கான செராமிக் துண்டைக் கடைந்து தரும் எந்திரத்தை 1985-ல் சூரிச்சில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள்.

இத்தனை உழைப்பில் உருவான பொருள் ஏன் கழன்று விழுகிறது?

கேப்பைப் பிடித்துவைத்திருப்பது சிமெண்ட் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மை. முதல் பிடிமானம் பல்லின் வடிவத்தில் இருக்கிறது. ராவிய பல்லின் எதிரெதிர்ச் சுவர்கள் ஏறக்குறைய நேராக, மேலே போகப்போக மிகச் சிறிதளவே குறுக வேண்டும். பாடப்புத்தகக் கணக்கு ஆறு டிகிரிக்கு அக்கம்பக்கம். நடைமுறையில் பத்து, பதினைந்து ஆவது சகஜம். உயரமும் வேண்டும்: கடைவாய்ப்பல்லில் குறைந்தது நான்கு மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. கூம்பாகக் குறுகிய குட்டைப் பல்லில் எந்த உயர்ந்த சிமெண்ட்டைப் போட்டாலும் கேப் தங்காது. குட்டைப் பல் பலருக்கு இயற்கையாகவே அமைந்திருக்கும். வெற்றிலைப்பாக்கு மென்றும், தூக்கத்தில் நறநறவென்று கடித்தும் தேய்ந்துபோன பல்லும் அப்படித்தான்.

சிமெண்ட்டின் வேலை, பல்லுக்கும் கேப்புக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைப்பது. அந்த அடுக்கு 25 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது தர அளவு. தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஜிங்க் பாஸ்பேட் சிமெண்ட் நூறு ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியது. அது பல்லோடு ஒட்டாது, இடுக்கில் இறுகி நிற்கும், அவ்வளவுதான். லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி, 1970-களின் தொடக்கத்தில் அறிவித்த கிளாஸ் அயனோமர் சிமெண்ட் பல்லோடு வேதியியலாகவே ஒட்டிக்கொண்டது; கூடவே ஃபுளோரைடையும் கசியவிட்டது. அதற்கும் மேலே இன்று ரெசின் சிமெண்ட்கள் இருக்கின்றன. எதுவானாலும் இருபத்துநான்கு மணி நேரமும் எச்சிலில் ஊறி, சூடான காபியையும் ஐஸ்கிரீமையும் மாறிமாறிச் சந்தித்து, தினமும் பல நூறு தடவை அரைபடும் இடம் அது. ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத்தான் செய்யும்.

அந்த ஓரம்தான் எல்லா வினைக்கும் தொடக்கம். கேப்புக்குச் சொத்தை வராது. கேப்பும் பல்லும் சந்திக்கும் விளிம்பில், ஈறின் கரையில், பல்லுக்கு வரும். வயதாக ஆக ஈறு கீழிறங்கினால் அந்த விளிம்பு வெளியே தெரியத் தொடங்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும், எச்சிலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அங்கே சொத்தை சீக்கிரம் பிடிக்கும். சிமெண்ட் கரைந்து, விளிம்புக்கு உள்ளே பல் இளகி, கேப் ஒரு நூலில் தொங்கும் நிலைக்கு வந்திருக்கும்போது, ஒரு துண்டு கடலை மிட்டாய் வந்து சேர்கிறது. பழி முழுக்கக் கடலை மிட்டாய் மேல். "டாக்டர், அல்வாதான் சாப்பிட்டேன், அதோட வந்துடுச்சு" என்று சொல்லாத நோயாளி இல்லை. கமர்கட், சூயிங்கம், தேன்மிட்டாய், ஆட்டுக்கால் எலும்பு எல்லாம் இந்தக் குற்றப்பட்டியலில் உண்டு. நன்றாகப் பொருந்திய கேப்பை அல்வா பிடுங்குவது கடினம். வழக்கில் அல்வா பெரும்பாலும் சாட்சி மட்டுமே.

விழுவதற்கு முன் கேப் சில நாள், சில வேளை சில மாதம், குறிப்புக் காட்டும். ஒரு பக்கமாக மெல்லும்போது லேசான ஆட்டம். காலையில் எழுந்ததும் அந்த இடத்திலிருந்து மட்டும் ஒரு கெட்ட சுவை. பல்லிடுக்கு நூல் போட்டால் ஓரத்தில் சிக்கி இழைபிரிவது, நாறுவது. அழுத்திக் கடித்தால் விளிம்பில் எச்சில் குமிழி விடுவது. அந்தப் பல்லைச் சுற்றி மட்டும் ஈறு சிவந்து, துலக்கும்போது ரத்தம் கசிவது. இந்தக் கட்டத்தில் போனால் வேலை மிகச் சுலபம். பலர் செய்வது வேறு: ஆடும் கேப்பை நாக்கால் நெம்பிக்கொண்டே இருப்பார்கள். அது ஒரு போதைதான், விடுவது கஷ்டம்.

சரி, விழுந்துவிட்டது. முதல் வேலை அதை வாயிலிருந்து வெளியே எடுப்பது. இரண்டாவது, வாஷ்பேசினின் துவாரத்தை அடைத்துவிட்டுக் கழுவுவது, அல்லது ஒரு கிண்ணத்துக்கு மேல் வைத்துக் கழுவுவது. பல ஆயிரம் ரூபாய்க் கேப்புகள் சாக்கடைக்குப் போன வழி வாஷ்பேசின்தான். டிஷ்யூவில் சுற்றி மேசைமேல் வைத்தால் யாராவது குப்பை என்று எறிந்துவிடுவார்கள். மூடியுள்ள சின்ன டப்பா நல்லது. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, மென்மையான பிரஷ்ஷால் அந்தப் பல்லையும் மெதுவாகத் துலக்கலாம். பல் டாக்டருக்குப் போன் போட்டு நேரம் வாங்க வேண்டிய தருணமும் இதுவே, சாப்பாடு முடிந்தபிறகல்ல.

கேப் கைக்கு வராவிட்டால்? விழுங்கியிருக்கலாம் என்பதே பெரும்பாலான பதில். வயிற்றுக்குள் போனது அநேகமாகச் சில நாட்களில், ஒரு வாரத்துக்குள், தானாக வெளியேறிவிடும். வாந்தி எடுக்க முயல்வதும் பேதி மருந்து குடிப்பதும் வேண்டாத வேலை. வயிற்றுவலி, வாந்தி, மலத்தில் ரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. கேப்போடு கூர்மையான உலோகக் கம்பி இருந்தால், அல்லது பல பற்கள் சேர்ந்த பிரிட்ஜாக இருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். வெளியே வந்த கேப்பை என்ன செய்வது என்று கூச்சத்தோடு கேட்பவர்கள் உண்டு. சேதமில்லாமல் இருந்தால், ஆட்டோகிளேவில் நுண்ணுயிர் நீக்கி, அதையே திரும்ப ஒட்ட முடியும். மனம் ஒப்புமா என்பது அவரவர் பாடு.

விழுங்குவதைவிட அஞ்ச வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் போவது. கேப் விழுந்த நேரத்தில் புரையேறி, அடக்க முடியாத இருமல் வந்ததா, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது பக்கத்து மூச்சுக்கிளை இடதைவிட அகலம், நீளம் குறைவு, செங்குத்தும் அதிகம். உள்ளே போன பொருள் அதனால் பெரும்பாலும் வலது நுரையீரல் பக்கம்தான் போய் உட்காரும். முதல் இருமல் அடங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. நாள்கணக்கில் அமைதியாகக் கிடந்து, பிறகு விடாத இருமலாகவும் நிமோனியாவாகவும் தலைகாட்டலாம். உலோகமும் ஜிர்கோனியாவும் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். தற்காலிகக் கேப்பின் பிளாஸ்டிக் தெரியாமல் போகலாம். ஆகவே எந்த வகைக் கேப் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மூச்சுக்குழாயில் சிக்கியதைக் குழாய் விட்டு எடுக்கும் வித்தைக்கு வழிகாட்டியவர் ஜெர்மனியின் குஸ்டவ் கிலியன். 1897-ல் அவர் முதன்முதலில் அப்படி எடுத்தது ஒரு எலும்புத்துண்டு. பிறகு அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன் அதைப் பெரும் கலையாகவே வளர்த்தார். அவர் வெளியே எடுத்த பொருட்களில் 2,374, பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. ஊசி, காசு, பித்தான் என்று மனிதர்கள் எதையெல்லாம் உள்ளே இழுத்திருக்கிறார்கள் என்று அங்கே பார்க்கலாம். ஆடும் கேப்போடு தூங்கப் போகக் கூடாது என்று டாக்டர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த ஆபத்துதான். வயதானவர்கள், பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், குடித்துவிட்டுப் படுப்பவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை.

கேப் கையில் இருக்கிறது, பல்லும் வலிக்கவில்லை என்றால், எல்லோரும் கேப்பின் வெளிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது உள்பக்கத்தை. உள்ளே காலியாக, வெள்ளையாகக் கொஞ்சம் பழைய சிமெண்ட் மட்டும் ஒட்டியிருந்தால் நல்ல சேதி: பல் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது, சிமெண்ட் மட்டும் கைவிட்டிருக்கிறது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டு, கேப்பே கனமாக இருந்தால், பல்லோ பல்லை நிரப்பியிருந்த பொருளோ முறிந்து கேப்போடு வந்துவிட்டது. கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது வேருக்குள் இறக்கியிருந்த போஸ்ட். உள்ளே கறுத்து, மெத்தென்று, நாற்றம் அடித்தால் சொத்தை. போனில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே இதைப் பற்றித்தான் இருக்கும். கைப்பேசியில் உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் பாதி நோயறிதல் அப்போதே முடிந்துவிடும்.

வீட்டில் தானே மாட்டிக்கொள்ளலாமா? உள்ளே காலியாக இருக்கும் கேப் என்றால், டாக்டரைப் பார்க்கும்வரை ஓரிரு நாளுக்குச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று, எதுவும் தடவாமல் வெறுமனே ஒரு முறை பொருத்திப் பார்க்க வேண்டும். சரியான திசை கிடைத்ததும் தானாக இறங்கும். முக்கி அழுத்தக் கூடாது. மெதுவாகக் கடித்துப் பார்த்தால் மற்றப் பற்கள் வழக்கம்போல் சேர வேண்டும். கேப் மட்டும் மேடாக இடித்தால் சரியாக உட்காரவில்லை, எடுத்துவிடுவதே மேல். உட்கார்ந்தால், மருந்துக்கடையில் பல்செட் ஒட்ட விற்கும் கிரீமைத் துளி உள்ளே தடவி வைக்கலாம். அதுவும் இல்லாத ராத்திரியில் கொஞ்சம் டூத்பேஸ்ட்கூடச் சில மணி நேரம் தாங்கும். அதோடு கல்யாணத்துக்குப் போய்ச் சிரித்துவிட்டு வரலாம். பந்தியில் அந்தப் பக்கமாக மெல்லக் கூடாது. படுக்கும் முன் கழற்றி டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

இங்கேதான் ஃபெவிக்விக் உள்ளே வருகிறது. செருப்பு முதல் செல்போன் கவர்வரை ஒட்டுகிறதே, பல்லை ஒட்டாதா என்ற யோசனை தமிழ்நாட்டில் மட்டுமல்ல, உலகம் முழுக்க இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் ஒரு வாதமும் வைப்பார்கள்: ஆஸ்பத்திரியில் காயத்தை ஒட்டும் பசையும் இதே சயனோஅக்ரிலேட் குடும்பம்தானே? குடும்பம் ஒன்று, ஆள் வேறு. மருத்துவத்துக்கான வகையின் மூலக்கூறு அமைப்பு வேறு, தயாரிக்கும் சுத்தம் வேறு. வீட்டுப் பசை இறுகும்போது சூடேறும். பஞ்சின்மேல் பட்டால் புண்ணாக்கும் அளவுக்குச் சூடாகும் என்பது தெரிந்த விஷயம். நரம்பு உயிரோடிருக்கும் பல்லுக்கும் ஈறுக்கும் அது எரிச்சல். இதையெல்லாம் விடப் பெரிய சங்கடம், கோணலாக ஒட்டிவிட்டால் பிறகு அசையாது. 25 மைக்ரான் கணக்குப் பார்த்துச் செய்த கேப்பின் உள்ளே திட்டுத்திட்டாகப் பசை இறுகினால், டாக்டராலும் அதைப் பழையபடி உட்கார வைக்க முடியாமல் போகலாம். ஐந்து ரூபாய்ப் பசை நல்ல கேப்பைக் குப்பைக்கு அனுப்பும்.

பல் கூசினால் கிராம்புத் தைலம் உதவும். இது வெறும் பாட்டி வைத்தியமில்லை. கிராம்பில் உள்ள யூஜினால்தான் பல் டாக்டர்கள் தற்காலிகமாக ஒட்டும் ஒரு வகைச் சிமெண்ட்டிலும் இருக்கிறது. பல் கிளினிக்குக்கென்று ஒரு தனி வாசனை இருந்ததற்கே அது முக்கியக் காரணம். பஞ்சில் ஒரு துளி நனைத்துப் பல்லில் மட்டும் ஒற்ற வேண்டும். ஈறிலும் நாக்கிலும் வழியவிட்டால் எரிந்து தோல் உரியும். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கமும் சிலருக்கு உண்டு. அது அந்த இடத்தைப் பொசுக்கி வெள்ளைப் புண்ணாக்கும். மாத்திரை விழுங்குவதற்கு. கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ இந்த வைத்தியம் எதற்கும் இடமில்லை, அன்றே டாக்டர்.

அவசரம் எவ்வளவு? கன்னம் வீங்காமல், மூச்சுக்கு ஆபத்தில்லாமல் இருந்தால் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. ஓரிரு நாளில் போனால் போதும். ஆனால் வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதில் பலர் அறியாத ஒரு சிக்கல் இருக்கிறது. பற்கள் தாடை எலும்பில் ஆணி அடித்ததுபோல் நிற்பதில்லை. ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துத்தான் இடத்தில் நிற்கின்றன. கேப் போனதும் பக்கத்துப் பல் காலி இடத்தை நோக்கிச் சாயும். எதிர்த் தாடைப் பல் முட்டுவதற்கு ஆளில்லாமல் நீளும். ஈறு வளர்ந்து விளிம்பை மூடும். ஒன்றிரண்டு மாதம் கழித்து அந்த நல்ல கேப்பை எடுத்துக்கொண்டு போனால் அது இறங்காது. கேப் மாறவில்லை, வாய் மாறிவிட்டது. புதுக் கேப்புக்குப் பணம் கட்டும்போது, இது டாக்டர்களின் வியாபார தந்திரம் என்று தோன்றுவது அப்போதுதான்.

டாக்டரிடம் நடப்பது எளிமையானது. கேப்பின் உள்ளே இருக்கும் பழைய சிமெண்ட்டைச் சுரண்டி எடுப்பார். பல்லைச் சுத்தம் செய்து, ஊசிமுனைக் கருவியால் குத்திப் பார்த்து, எக்ஸ்ரே எடுப்பார். பல் திடமாக இருந்தால், சிமெண்ட் இல்லாமல் மாட்டிப் பார்த்து, பக்கத்துப் பல்லோடு சேர்மானம் சரியா என்று நூல் விட்டுச் சோதித்து, வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி மேடு இருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஒட்டுவார். பஞ்சுருளையைக் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். செலவு புதுக் கேப்பில் சிறு பங்குதான்.

சொத்தை கொஞ்சம் இருந்தால் அதை எடுத்து, பல்லைக் கட்டி எழுப்பி, புது அளவெடுத்துப் புதுக் கேப். ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் இங்கே தலையெழுத்து. சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு உறுதியான பல் வளையமாக இருந்து, கேப் அதைக் கவ்விப் பிடித்தால் நீண்ட நாள் தாங்கும். அது இல்லாமல், வேருக்குள் இறக்கிய கம்பியை மட்டும் நம்பி நிற்கும் கேப் திரும்பத் திரும்ப விழும். ஒரு நாள் வேரையே பிளக்கும். வேர் நெடுக்காகப் பிளந்துவிட்டால் பல்லை எடுப்பதைத் தவிர வழி இல்லை. ஒரே கேப் இரண்டு மூன்று தடவை விழுந்தால், "இன்னொரு தடவை நல்லா ஒட்டி விடுங்க டாக்டர்" என்று கேட்பதைவிட, "ஏன் விழுது?" என்று கேட்பது பயன் தரும். பதில் பல்லின் உயரத்தில் இருக்கலாம், ராத்திரி பல் நறநறப்பதில் இருக்கலாம், விளிம்புச் சொத்தையில் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு.

ஜிர்கோனியா கேப்போடு பத்து வருடம், பதினைந்து வருடம் என்று ஒரு வாரண்டி அட்டை தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. பத்திரப்படுத்த வேண்டிய அட்டைதான். ஆனால் அது பொதுவாக உத்தரவாதம் தருவது கேப் உடையாது என்பதற்கு. அடியில் இருக்கும் பல் சொத்தையாகாது என்பதற்கு எந்தக் கம்பெனியும் எழுதித்தர முடியாது.

பிரிட்ஜ் போட்டவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். இல்லாத பல்லுக்காக இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவி மூன்று கேப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பொருத்துவது பிரிட்ஜ். அதில் ஒரு பக்கம் கழன்று மறுபக்கம் பிடித்திருந்தால் அது விழாது. கழன்ற பக்கத்துக்குள் சாப்பாடும் எச்சிலும் போய்வந்துகொண்டே இருக்கும். வெளியே எல்லாம் சரியாகத் தெரிய, உள்ளே ஒரு பல் கரைந்துகொண்டிருக்கும். பிரிட்ஜ் முழுதாக விழுவதைவிட இப்படி விழாமல் இருப்பது மோசம். அதை வீட்டில் நெம்பிக் கழற்றினால், பிடித்திருக்கும் நல்ல பல் முறியும்.

இம்பிளான்ட் மேல் இருக்கும் கேப் ஆடினால் கதை வேறு. பெரும்பாலும் உள்ளே இருக்கும் திருகாணி தளர்ந்திருக்கும். டாக்டர் அதற்கென்று உள்ள அளவுத் திருகியால் முறுக்கிச் சரிசெய்வார். ஆடுவது கேப்பா, எலும்பில் பதித்த இம்பிளான்ட்டா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். தளர்ந்த திருகாணியோடு மென்றுகொண்டிருந்தால் அது உள்ளேயே உடைந்து, சின்ன வேலை பெரிய வேலையாகும். அளவெடுத்தபின் நிரந்தரக் கேப் வரும்வரை போடும் தற்காலிகக் கேப்போ கழற்றுவதற்காகவே இளகலாக ஒட்டப்பட்டது. நூல் போட்டுச் சுத்தம் செய்பவர்கள் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுத்தால் அது பிழைக்கும். விழுந்தால், எப்படியும் அடுத்த வாரம் புதுசு வரப்போகிறதே என்று விட்டுவிடக் கூடாது. அந்த ஒரு வாரத்தில் பல் நகர்ந்தால், லேபிலிருந்து வரும் புதுக் கேப்பே உட்காராது.

குழந்தைகளின் கடைவாய்ப் பால்பல்லில் போடும் எவர்சில்வர் கேப்பைக் கண்டு தாய்மார்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். ஆனால் அது கெட்டிக்காரக் கேப். ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், ஊசி போடாமல், பல்லை ராவாமல், சொத்தைப் பால்பல்லின் மேல் நேரடியாக இந்தக் கேப்பை சிமெண்ட்டோடு அமுக்கிவிடும் முறையைக் கையாண்டார். இன்று பல நாடுகளில் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஐந்து, ஆறு வயதில் அந்தக் கேப் கழன்றால் பெரியவர்களுக்குச் சொன்ன எல்லாமே பொருந்தும். அடியில் முளைக்கக் காத்திருக்கும் பல்லுக்கு அந்தப் பால்பல்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஒரு நாள் கேப் கையில் வந்து, உள்ளே பால்பல்லும் சேர்ந்தே இருந்தால், டாக்டருக்குப் போன் போட வேண்டியதில்லை.